காலுக்கும் பிடிக்கணும், கண்ணுக்கும் பிடிக்கணும், கைக்காசுக்கும் கட்டணும்
(இந்த மாதப் பாடம்: செருப்பு வாங்குவது எப்படி?)



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தேன். உள்ளே தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே போகணும். அப்போதுதான் கவனித்தேன். வார் அறுந்து ஊக்கு குத்தின ஹவாய் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து தாள் மாதிரி ஆன செருப்பு. மகனுடைய பள்ளிக்கூட ஷூவைப் பின்பக்கம் மடக்கி மிதித்துக்கொண்டு ஒரு அம்மா வந்திருந்தார்கள். தங்கக் கலரில் கல் வைத்த ஹை ஹீல்ஸ் ஒரு ஜோடி, அதில் ஒரு குதி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்கள் அதிகம், வெளியே ஜோடிகள் குறைவு. அப்படியென்றால் சிலர் வெறுங்காலோடு வந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சேமிப்பு, கடன், வட்டி, மிளகு விலை எல்லாம் மாதாமாதம் பேசுகிறோம். காலில் என்ன போடுகிறோம் என்று ஒரு நாளும் பேசினதில்லை. அதனால் இந்த மாதம் செருப்பைப் பற்றி ஒரு பாடம். சிரிக்காமல் படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்

அக்கா மகள் கல்யாணம் கீழ்நாட்டில். புடவை எடுத்தாச்சு, வளையல் வாங்கியாச்சு, செருப்பு மட்டும் பழசு. மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நுழைந்தேன். கண்ணாடிக்குள் வெள்ளை வார், சின்னக் கல், இரண்டரை அங்குலக் குதி. பார்த்ததும் பிடித்துவிட்டது. போட்டுப் பார்த்தேன், சுண்டுவிரல் நசுங்கியது. "போடப் போடச் சரியாயிடும்க்கா" என்றார் கடைப் பையன். 650 ரூபாய் கொடுத்தேன்.

கல்யாண மண்டபத்திலேயே குதிகாலில் கொப்பளம். திரும்பி மலையேறி, பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குப் போகிற ஒத்தையடிப் பாதையில் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். அப்புறம் இரண்டு தடவை போட்டிருப்பேன். பிறகு பெட்டிக்குள் வைத்தாச்சு. இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் முறுக்கு மாதிரி நொறுங்கிப் போச்சு. 650-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை போட 216 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்குக் காருக்கே கொஞ்சம் வாடகை கொடுத்திருக்கலாம்.

நான் செய்த தப்புகள் எத்தனை என்று பாடம் முடிந்ததும் நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

வெறுங்காலுக்கும் ஒரு விலை உண்டு

"நாங்க பொறந்ததுலேர்ந்து செருப்பு போட்டதில்ல, இந்தக் காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற பாட்டிகள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளாமைக் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அந்த மரியாதையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொக்கிப்புழு என்று ஒரு குடல்புழு இருக்கிறது. ஒருவர் காட்டில் மலம் கழித்தால் புழுவின் முட்டை மண்ணில் விழும். ஈரமும் நிழலும் இருக்கிற மண்ணில் அது பொரிந்து கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுவாகும். காப்பிச் செடி நிழல், வாழைத் தோப்பு, ஓடையோரம் என்று நம் மலை மண்ணே அதற்குத் தோதானது. வெறுங்காலோடு யார் மிதித்தாலும் விரல் இடுக்குத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். முதலில் அரிப்பு. அப்புறம் அது குடலுக்குப் போய்ச் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஏற்கெனவே மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தம் இழக்கிற பெண்ணுக்கு இது இன்னொரு ஓட்டை. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முகம் வெளுத்துக் கிடக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் புழுவைப் பற்றியும் கேளுங்கள்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 100 வருடத்துக்கு முன்னால் இதே புழுவால் ஜனங்கள் சோர்ந்து கிடந்தார்கள். 'சோம்பேறிகள்' என்று ஊரே கேலி பேசியது. 1909-ல் ராக்பெல்லர் பணத்தில் ஒரு குழு அமைத்து மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டச் சொன்னார்கள், செருப்பும் ஷூவும் போடச் சொன்னார்கள். மருந்து புழுவைக் கொல்லும். மறுபடி வராமல் காப்பது கக்கூசும் செருப்பும்தான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் குடல்புழு மாத்திரை கொடுப்பதும் இதற்காகத்தான்.

ஆகையால் காட்டு வேலைக்கு ஒரு செருப்பு கட்டாயம் வேணும். அழகெல்லாம் அதற்குப் பிறகு.

நம் மலையில் பிறந்த டாக்டரும் ஒரு செருப்பும்

செருப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஒருவர் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் பால் பிராண்ட். 1914 ஜூலை 17-ல் இந்த மலையில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின் பிராண்ட், இருவரும் இங்கே ஊழியம் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள். அப்பா 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா வயதான பிறகும் மலை மலையாகப் போய் மருந்து கொடுத்தார். 1974-ல் 95 வயதில் இறந்தார். வயசான நம் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் பாட்டியம்மாவை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பால் பிராண்ட் 9 வயதில் படிக்கச் சீமைக்குப் போய், அறுவை சிகிச்சை டாக்டராகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் உட்கார்ந்து கவனித்தார். நோய் நரம்பைத் தாக்கி வலி தெரியாமல் பண்ணுகிறது. வலி தெரியாததால் முள் குத்தினாலும், கல் உறுத்தினாலும், ஆணி கிழித்தாலும் ஜனங்கள் அப்படியே நடக்கிறார்கள். அந்தப் புண்தான் காலைத் தின்கிறது. அப்படியானால் காலைக் காப்பாற்ற மருந்து மட்டும் போதாது, நல்ல செருப்பும் வேணும்! அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரவுகிற மாதிரி மெத்தென்ற நுண்துளை ரப்பரில் அவரும் கூட வேலை செய்தவர்களும் செருப்பு செய்து பார்த்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது அந்த நுண்துளை ரப்பர் செருப்பைத்தான். 1966-க்குப் பிறகு அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, சர்க்கரை நோயாளி காலுக்கும் இதே கதைதான் என்று எடுத்துக் காட்டினார். 2003-ல் காலமானார்.

இதில் நமக்கு என்ன பாடம்? வலி நம் எதிரி அல்ல. செருப்பு போட்டதும் வலித்தால், கால் உங்களிடம் பேசுகிறது என்று அர்த்தம். 'போடப் போடச் சரியாயிடும்' என்று அதன் வாயை அடைக்காதீர்கள்.

நம் குழுக்களில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற அம்மாக்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கட்டைவிரல் இடுக்கில் நுழைக்கிற ஹவாய் செருப்பு அவர்களுக்கு ஆகாது. இடுக்கில் புண் வரும், கழன்று விழுந்தாலும் தெரியாது. மேலே அகலமான பட்டை, பின்னால் வார், அடியில் ஆணி அடிக்காத செருப்புதான் வேணும். போடுமுன் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்க்கணும். ராத்திரி பாதத்தைப் பார்க்கணும், குனிய முடியாவிட்டால் மருமகளோ பேத்தியோ பார்க்கணும். எம்.சி.ஆர். செருப்பு எங்கே கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தொழுநோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

அளக்காமல் வாங்காதே

ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கிறோம். செருப்புக்கு மட்டும் 'எனக்கு 5-ஆம் நம்பர்' என்று பத்து வருடமாக ஒரே நம்பரைச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற பிறகு பாதம் நீளும், அகலும். உடம்பு கூடினாலும் அப்படித்தான்.

கூட்டத்திலேயே அளந்து பார்க்கலாம். காலண்டர் தாள் ஒன்று, பென்சில் ஒன்று, ஸ்கேல் ஒன்று போதும். சாயந்திரம் செய்யுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சாயந்திரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் அளந்தால் சின்னதாகக் காட்டும். தாளைத் தரையில் போட்டு, உட்காராமல் எழுந்து நின்று, பாரம் முழுக்க அந்தக் காலில் வைக்கணும். இன்னொரு சகோதரி பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதைப் பாருங்கள். பிறகு விரல்கள் தொடங்குகிற இடத்தில் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். இரண்டு காலையும் அளக்கணும், இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரிய காலுக்குத்தான் செருப்பு வாங்கணும்.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். செருப்பை அதன் மேல் வையுங்கள். பென்சில் கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் செருப்பு இல்லை. முன்பக்கம் ஒரு விரல் அகல இடம் வேணும். மலையில் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். இறக்கத்தில் நடக்கும்போது பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் போய் இடிக்கும். சமவெளிக்காரர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

சைஸ் நம்பர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. சில செருப்பில் 4, 5, 6 என்று இருக்கும், சிலதில் 37, 38, 39 என்று இருக்கும். முதலாவது இங்கிலாந்துக் கணக்கு, ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டாவது ஐரோப்பாக் கணக்கு, அதில் ஒரு நம்பருக்குச் சுமார் ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். அதனால் நம்பரை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள்.

இந்த நம்பர்கள் நம் காலைப் பார்த்துப் போட்டதே இல்லை என்பதுதான் வேடிக்கை. சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பாதத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். வெள்ளைக்காரர்கள் பாதத்தைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. நீளம் சரியாக இருந்தும் அகலம் போதாமல், ஒரு நம்பர் பெரிதாக வாங்கி லொடலொடவென்று போடுகிறோம், அல்லது இறுக்கிப் போட்டு நசுக்குகிறோம். பெண்பிள்ளைகளின் பாதம் 11 வயதிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது என்றும் அதில் சொன்னார்கள். இந்தியக் காலுக்கென்றே 'பா' என்ற பெயரில் புது அளவு முறை ஒன்றையும் சிபாரிசு செய்திருக்கிறார்கள். அது கடைக்கு வரும்வரை நமக்குப் பென்சில் கோடுதான்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்

செருப்பு வாங்கும்போது நாம் மேலே இருக்கிற பூவையும் கல்லையும் பார்க்கிறோம். கடைக்காரருக்கும் அது தெரியும். முதலில் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கணும்.

ரப்பர் சோல் கனமாக இருக்கும், ஆனால் ஈரப் பாறையிலும் சேற்றிலும் பிடிக்கும். காட்டு வேலைக்கும் மழைக்காலத்துக்கும் இதுதான். பி.வி.சி. சோல் மலிவு, பளபளப்பு, உறுதி. ஆனால் ஈரத்தில் வழுக்கும், குளிரில் விறைக்கும். ஈ.வி.ஏ. என்பது பஞ்சு மாதிரி எடையே இல்லாதது. போட்டதும் சுகமாக இருக்கும். சில மாதத்தில் குதிகால் இடத்தில் அமுங்கிப் பள்ளமாகி அப்படியே நின்றுவிடும். வீட்டுக்குள் போட நல்லது. பி.யு. என்பது எடை குறைவு, மெத்தென்றும் இருக்கும், தேய்மானமும் குறைவு. பஸ் ஏறிப் போகிற பெண்களுக்கு ஏற்றது. ஆனால் ஒரு குறை: ஈரக் காற்றில் சும்மா வைத்திருந்தால் தானாகவே உதிரும். என் கல்யாணச் செருப்பு நொறுங்கினது இதனால்தான். நம் மலைப் பனிக்கும் மழைக்கும் பி.யு. செருப்பைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. போட்டுத் தேய்த்தால்தான் காசு திரும்பும். 'விசேஷத்துக்கு மட்டும்' என்று பாதுகாப்பது வீண்.

கோடு கோடாக, கட்டம் கட்டமாக ஆழமான வெட்டு இருந்தால்தான் இறக்கத்தில் பிடிக்கும். வழவழவென்ற அடிப்பாகம் மார்பிள் போட்ட மண்டபத்துக்கே ஆபத்து.

அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடங்கணும். நடுப் பாதத்தில் மடங்கினால் சீக்கிரம் உடையும், பாதமும் வலிக்கும். எங்கேயுமே மடங்காவிட்டால் அது பலகை. வாரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தையல் போட்டிருக்கிறதா, வெறும் பசையா? தையல் போட்டது பிரிந்தால் மறுபடி தைக்கலாம். பசை மட்டும் என்றால் முதல் மழைக்கே வாய் திறக்கும். உள்பக்கம் விரலால் தடவி, ஓரம் உறுத்துகிறதா என்று பாருங்கள்.

மேல்பாகம் தோலா, ரெக்ஸினா என்றும் கேட்கணும். தோல் நாளாக ஆகக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ரெக்ஸின் நெகிழவே நெகிழாது, ஓரம் உரியத்தான் செய்யும். கடைப் பையன் சொன்ன 'போடப் போடச் சரியாயிடும்' தோலுக்கு ஓரளவு நிஜம். ரெக்ஸினுக்குப் பொய்.

அழகு வேண்டாமா?

வேணும். ஏன் வேண்டாம்? கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரே மாதிரி கறுப்பு ஹவாய் செருப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு 'போதும்' என்றால் அவள் மனசு என்ன ஆகும்? பேங்குக்குப் போகிறோம், கலெக்டர் ஆபீஸ் போகிறோம், கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம். காலைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு நிற்கிற சங்கடம் எனக்கும் தெரியும். செருப்பு போட்டு ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது என்று ஏழை எளிய ஜாதிக்காரர்களைத் தடுத்த காலம் தமிழ்நாட்டில் ரொம்பத் தூரத்தில் இல்லை. நல்ல செருப்பு போடுவதில் ஒரு மரியாதையும் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அழகு குதியில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உயரமான குதி உடம்பு பாரத்தை முன் பாதத்தில் தள்ளும், முட்டியும் இடுப்பும் வலிக்கும். நம் பாதையில் ஒரு கல் புரண்டால் கணுக்கால் சுளுக்கும். ஒரு அங்குலம், அதுவும் அடி அகலமான குதி என்றால் பரவாயில்லை. முன்பக்கம் கூம்பிய ஷூவை நாள் முழுக்கப் போட்டால் கட்டைவிரல் எலும்பு பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு வரும். சதுரமாகவோ உருண்டையாகவோ முன்பக்கம் இருக்கிறதாகப் பாருங்கள். அழகைக் கலரிலும் வாரிலும் தேடலாம். என் அபிப்பிராயம், மண் கலர், காப்பிக்கொட்டைக் கலர் செருப்பு நம் செம்மண்ணில் அழுக்கும் காட்டாது, எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும். வெள்ளை வார் ஒரு மழைக்குத் தாங்காது. பின்னால் வார் வைத்த சாண்டல் ஏற்ற இறக்கத்துக்கு நல்லது, பார்க்கவும் லட்சணம்.

காசுக் கணக்கு

ஒரு உதாரணம். 150 ரூபாய்ச் செருப்பு 5 மாதம் உழைத்தால் மாதம் 30 ரூபாய். 450 ரூபாய்ச் செருப்பு 18 மாதம் உழைத்தால் மாதம் 25 ரூபாய். விலை மூன்று மடங்கு, செலவு என்னவோ குறைவு. ஆனால் இந்தக் கணக்கு, 450 ரூபாய்ச் செருப்பு நிஜமாகவே 18 மாதம் உழைத்தால்தான். அதைச் சொல்லப்போவது விலைச்சீட்டு அல்ல, மேலே சொன்ன வளைத்தலும் இழுத்தலும்தான்.

வாங்கின தேதியையும் விலையையும் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், அறுந்த தேதியையும் எழுதுங்கள். ஒரு வருடத்தில் எந்தச் செருப்பு நம் பாதைக்கு உழைக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

ஹவாய் செருப்பில் வார் அறுந்தால் வார் மட்டும் மாற்றலாம். மாற்று வார் ஒரு ஜோடி வாங்கி வீட்டில் வைப்பது நல்லது. ஊக்கு குத்துவது கால் விரலுக்கு நாமே வைக்கிற முள். சந்தையில் உட்கார்ந்து செருப்பு தைக்கிறவரிடம் புதுச் செருப்பிலேயே ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டுக்கொண்டால் ஆயுள் கூடும்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி எல்லாம் நல்லதுதான். ஆனால் தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் பழைய சரக்கு. டப்பாவில் தயாரித்த மாதம், வருடம், சைஸ், அதிகபட்ச விலை அச்சடித்திருக்கும், படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப்போங்கள். இரண்டு மூன்று வருடம் கிடந்த பி.யு. செருப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். 499, 599 என்று முடிகிற விலையைப் பார்த்து 'நானூறு சொச்சம்' என்று மனசு கணக்குப் போடும். அது 500, 600 என்றே நினையுங்கள்.

செல்போனில் ஆர்டர் போடும் பெண்கள் இப்போது நம் மலையிலும் இருக்கிறார்கள். போட்டுப் பார்க்க முடியாத செருப்பு அது. சென்டிமீட்டர் அளவுப் பட்டியல் இருந்தால் மட்டும் வாங்குங்கள், திருப்பி அனுப்பினால் மலை மேலே வந்து எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பாருங்கள்.

சங்கக் கடனில் செருப்பு வாங்கலாமா என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். கல்யாணத்துக்கு ஹீல்ஸ் வாங்கக் கடன் வேண்டாம். சர்க்கரை நோய் அம்மாவுக்குச் சரியான செருப்பு வாங்க அவசரக் கடன் கேட்டால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஆகிற செலவுக்கு முன்னால் அது தூசு.

பில் கேளுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரை விலையுள்ள செருப்புக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம் ஆனது. அதற்கு முன்னால் 1000 ரூபாய் வரை 12 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் இருந்தது. டப்பாவில் அச்சடித்த அதிகபட்ச விலையிலேயே வரி அடக்கம். அதற்கு மேல் 'வரி தனி' என்று யாரும் வாங்க முடியாது.

பில் இல்லாமல் வாங்கினால் நமக்குப் பேச வாய் இல்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பலகை மாட்டிவிட்டால் சட்டம் ஓடிவிடாது. ஆனால் ஒன்று, கலர் பிடிக்கவில்லை, அளவு பத்தவில்லை என்பது குறையுள்ள பொருள் ஆகாது. அதற்குக் கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. வார் பிய்ந்தது, சோல் பிளந்தது என்றால் தைரியமாகக் கேளுங்கள். 1915 என்ற நம்பருக்குப் போன் போட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழி சொல்லும். அதற்கு மேல் நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பலவகைச் செருப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கும் ஆணை 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே சந்தையில் கையால் தைத்து விற்கிறவரிடம் முத்திரை இல்லை என்று அவரைத் திருடனாகப் பார்க்க வேண்டாம்.

யார் காலுக்கு முதலில்?

சரி, வீட்டில் செருப்பு வாங்குகிற வரிசை எப்படி? முதலில் வீட்டுக்காரருக்கு. அப்புறம் மகனுக்கு. அப்புறம் படிக்கிற மகளுக்கு. மிச்சம் இருந்தால் நமக்கு, மிச்சம் இருந்ததே இல்லை. மூணு பேரும் கழித்துப் போட்டதில் எது பொருந்துகிறதோ அது நம் காலில். தண்ணீர் எடுக்கிறவள், விறகு சுமக்கிறவள், களை பறிக்கிறவள், சந்தைக்குச் சுமை தூக்குகிறவள் யார்? தலையில் பாரத்தோடு இறக்கத்தில் நடக்கிறவள் காலுக்குத்தான் முதல் செருப்பு வேணும். இதை வீட்டில் சண்டையாகச் சொல்ல வேண்டாம். பென்சில் கோடு போட்ட தாளை ஐந்து பேருக்கும் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நீளத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுதுங்கள். பேச்சு தானாக வரும்.

சேர்ந்து வாங்கலாம்

ஒரு ஆள் கீழே போய் வந்தால் பஸ் காசு, ஒரு நாள் கூலி இரண்டும் போகும். பத்துப் பதினைந்து பேர் அளவுத் தாளைச் சேர்த்து இரண்டு பேர் மட்டும் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய் மொத்தக் கடையில் பேசினால் விலை குறையும். ஆனால் முதலிலேயே 'அளவு சரியில்லாத ஜோடியை ஒரு வாரத்துக்குள் மாற்றித் தர வேண்டும்' என்று பில்லிலேயே எழுதி வாங்கணும். முதல் தடவை காட்டு வேலைக்கான ரப்பர் செருப்பை மட்டும் இப்படி வாங்கிப் பாருங்கள். விசேஷச் செருப்பை அவரவர் போய்ப் போட்டுப் பார்த்தே வாங்கட்டும், ருசி ஆளுக்கு ஆள் வேறு.

மழைக்காலத்தில் நனைந்த செருப்பை அடுப்போரம் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். பழைய பேப்பரைத் திணித்துக் காற்றாட வையுங்கள். காலையில் போடுமுன் தட்டிப் போடுங்கள், தேள் படுத்திருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொரு குழுவும் உறுப்பினர்களின் பாத அளவை எடுத்து நோட்டில் எழுதி வர வேண்டும். பெயர், நீளம், அகலம், சர்க்கரை நோய் உண்டா என்று நாலு கட்டம் போதும். சர்க்கரை நோயைச் சொல்ல விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஊக்குநரிடம் தனியாகச் சொல்லலாம். இப்போது போட்டிருக்கிற செருப்பைத் தாளின் மேல் வைத்து, கோடு வெளியே தெரிகிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். கலந்து பேச இரண்டு கேள்வி: உங்கள் வீட்டில் கடைசியாக யாருக்குச் செருப்பு வாங்கினீர்கள்? உங்களுக்கென்று கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்துக் கடைசியாக வாங்கினது எந்த வருடம்?

நோட்டுகள் வந்ததும், எத்தனை ஜோடி ரப்பர் செருப்பு தேவை என்று கூட்டமைப்பில் கூட்டிப் பார்த்து, யார் போய் விலை விசாரிப்பது என்று முடிவு செய்யலாம். நான் என் அளவை எழுதிவிட்டேன். நீளம் 24, அகலம் 10. இத்தனை வருடமாகப் போட்டது ஒரு நம்பர் சின்னது.